தாமரைச்செல்வியும் ஆடு தின்ற கடைசிப் பக்கங்களும்

கணுக்கால் பிடியில் கீழக்குயில்குடி தாமரைச்செல்வியை மிஞ்ச மதுரைப் பக்கத்தில் இன்றைக்கு ஆள் கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. கபடி ஆடிச் செம்மண்ணில் முட்டி தேய்ந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரெய்டு வருகிறவள் காலைத் தூக்குவதற்கும் ஊன்றுவதற்கும் நடுவில் கண் இமைக்கிற நேரம் ஒன்று உண்டு. அதற்குள் போய்க் கணுக்காலைக் கவ்விவிட்டால் எப்பேர்ப்பட்டவளும் குப்புற விழ வேண்டியதுதான். கோச்சுகள் தொண்டை வற்றக் கத்தியும் பலருக்கு வராத வித்தை அது. தாமரைச்செல்விக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆடுகளிடம் தானாகக் கற்றுக்கொண்டாள்.

சமணர் மலை அடிவாரத்தில் ஆடு வளர்க்கிறவர் அவள் அம்மா மாயக்காள். அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். ஆகவே பட்டி வேலையில் பாதி மகள் தலையில். மருந்து புகட்டவோ குளம்பைப் பார்க்கவோ ஓடுகிற ஆட்டைப் பிடிக்க வேண்டுமென்றால், கழுத்துக்குப் போகிறவர் விவரம் கெட்டவர். பின்னங்காலுக்குத்தான் போக வேண்டும். சின்னப் பிள்ளையிலிருந்து இதையே செய்து வந்தவள், பள்ளிக்கூடத்தில் கபடிக்கு இறங்கிய முதல் நாள் பிடித்த பிடியில் பி.டி. டீச்சர் விசில் ஊத மறந்து நின்றார். அந்தப் பிடிதான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது. சிபாரிசு கிடையாது, மார்க்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இரண்டு கைகள்தான் முதல்.

அதனால் தன் கையைப் பற்றி அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. சொந்தமாகச் சம்பாதித்த கர்வம். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

கல்லூரி அணிக்கு ஆள் எடுத்த அன்று அவளுக்கு எதிரே ரெய்டு வந்தவள் செல்லூர் முத்துமீனா. செல்லூர் என்றால் ரவுண்டானாவிலேயே கபடிக்குச் சிலை நிற்கிற பேட்டை. அந்தத் திமிர் அவள் நடையில் இருந்தது. தாமரைச்செல்வி ஒரே பிடியில் அவளை மண்ணில் சாய்த்தாள். எழுந்து பாவாடை மண்ணைத் தட்டுகிற மாதிரி டிரவுசரைத் தட்டிக்கொண்டே முத்துமீனா கேட்டாள்.

"என்னடி, ஆட்டப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிற?"

"ஆட்டப் பிடிச்ச கைதான். ஆடு இன்னும் கொஞ்சம் கூடவே துள்ளும்."

அன்றிலிருந்து அணி முழுக்க அவளுக்கு ஆட்டுக்கால் சூப்பு என்று பெயர். முத்துமீனா மட்டும் சுருக்கமாக 'சூப்பு' என்பாள். மற்றவர்கள் கூப்பிட்டால் முறைக்கிற தாமரைச்செல்வி, முத்துமீனா கூப்பிட்டால் திரும்பிச் சிரிப்பாள்.

கோச் ஜெயபாண்டி அண்ணன் இருவரையும் ஜோடி போட்டார். இவள் இடது ஓரத்தில் கார்னர், அவள் பக்கத்தில். கபடியில் தடுத்து நிற்கிறவர்கள் இரண்டிரண்டு பேராகக் கை கோத்து நிற்பார்கள். கார்னர் காலுக்குப் போனால் பக்கத்தில் இருப்பவள் இடுப்புக்கு வர வேண்டும். எப்போது பாய்வது என்று வாயால் சொன்னால் ரெய்டர் காதில் விழுந்துவிடும். அதற்கு இவர்களாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கட்டைவிரலால் உள்ளங்கையில் ஒரு அமுக்கு அமுக்கினால் 'பொறு'. இரண்டு அமுக்கினால் 'போ'.

கட்டத்துக்குள் கோத்த கை வெளியே வந்தும் பிரியவில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் ரோட்டைத் தாண்டும்போதும் பஸ்ஸில் ஒரே சீட்டில் ஒடுங்கி உட்காரும்போதும் கை கோத்தபடியேதான் இருக்கும். நம்மூரில் ஒரு பையனோடு டீக்கடையில் நின்றால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குச் சேதி போய்விடும். பெண்ணும் பெண்ணும் என்றால் தோளில் சாய்ந்து தூங்கலாம், ஒரே டம்ளரில் ஜிகர்தண்டா குடிக்கலாம், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு போ என்று மாயக்காளே சொல்லி அனுப்புவார்.

வசதிதான். ஆனால் வினையும் அந்த வசதிக்குள்ளேயே இருந்தது. எல்லாப் பிள்ளைகளும்தான் எல்லாப் பிள்ளைகள் கையையும் பிடிக்கிறார்கள். அப்படியிருக்க, முத்துமீனா தன் கையைப் பிடிப்பதில் கூடுதலாக ஏதாவது உண்டா இல்லையா என்று தாமரைச்செல்வி எதை வைத்துக் கண்டுபிடிப்பாள்? தன் பக்கம் கூடுதலாக இருப்பது அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சோறு இறங்காது. திங்கட்கிழமை பஸ் செல்லூர்ப் பக்கம் திரும்பும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதற்கு என்ன பெயர் என்றுதான் தெரியாது.

இரண்டாம் வருஷம் பவதாரிணி வந்து சேர்ந்தாள்.

அண்ணா நகர்க்காரி. அப்பா பேராசிரியர், அம்மா டீச்சர். நெட்டையாக இருப்பாள். மூக்குக் கண்ணாடியை எலாஸ்டிக் போட்டுத் தலையோடு கட்டிக்கொண்டு ஆடுவாள். நடுவரிடம் இங்கிலீஷில் வாதம் பண்ணுவாள். இம்புட்டு இருந்தும் ஆட்டம் வராமல் இருந்தால் மன்னித்திருக்கலாம். ஆட்டமும் வந்தது.

வலது கார்னர் ஆடிய அக்காவுக்குக் கல்யாணமாகி அவள் சிவகாசி போனதும், ஜெயபாண்டி அண்ணன் தாமரைச்செல்வியைக் கூப்பிட்டு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடி உனக்குத்தான் வரும், நீ வலது பக்கம் போ, இடது கார்னரில் பவதாரிணி நிற்கட்டும் என்றார். பெருமையான பேச்சுதான். பெருமையோடு வலது பக்கம் போய் நின்றாள். அங்கே ஜோடி கனகா. நல்ல பிள்ளை, ஆனால் அவள் உள்ளங்கை எப்போதும் நனைந்த துணி மாதிரி இருக்கும். அந்த ஈரக் கையைப் பிடித்தபடி நிமிர்ந்தால் நேர் எதிரே இடது ஓரம்.

முதல் ரெய்டிலேயே பார்த்துவிட்டாள். முத்துமீனாவின் கட்டைவிரல் பவதாரிணியின் உள்ளங்கையில் ஒரு அமுக்கு. பிறகு இரண்டு.

வயிற்றில் யாரோ பச்சைமிளகாயை அரைத்து அப்பிய மாதிரி இருந்தது. விளையாட்டுக்கு அது வேண்டும், வேறு எப்படித்தான் சொல்வாள் என்று புத்தி சொன்னது. வயிறு கேட்கவில்லை. தாங்கள் இருவரும் கண்டுபிடித்ததை, தன்னை ஒரு வார்த்தை கேட்காமல், நேற்று வந்தவள் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டாளே என்று எரிந்தது.

அன்றிலிருந்து அவர்கள் இருவரையும் வேவு பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லை. சோற்று டப்பா ஒருவர் அளவுக்குச் சுருங்கியது. மாயக்காள் கேட்டதற்கு, அந்தப் பிள்ளைக்கு இப்போது அண்ணா நகர்ச் சாப்பாடு கிடைக்கிறது என்றாள். பவதாரிணியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை அவள் அம்மா பார்க்கிறாளோ இல்லையோ, இவள் முதல் ஆளாகப் பார்ப்பாள். ஒரு நாள் அதில் இரண்டு காபி டம்ளர், பக்கத்தில் ஒரு கை. முகம் இல்லை. சுண்டுவிரல் நகம் பாதி பெயர்ந்திருந்ததை வைத்து அது யார் கை என்று கண்டுகொண்டாள். அந்த நகம் பெயர்ந்த அன்று மஞ்சள் வைத்துத் துணி சுற்றியவள் இவள். இவள் சுற்றிய விரல் அவள் காபிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

அதோடு நிற்கவில்லை. மைதானத்து வேப்பமரத்தடியில் முத்துமீனா ஒரு புத்தகத்தை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். தாமரைச்செல்வி பக்கத்தில் வந்ததும் சட்டென்று மூடினாள். முதல் பக்கத்தில் அழகான கையெழுத்தில் பவதாரிணி என்ற பெயர் தெரிந்தது. என்ன புஸ்தகம் என்று கேட்டதற்கு, "சும்மா கதடி. ஒனக்குப் புடிக்காது" என்றாள்.

அந்த 'ஒனக்குப் புடிக்காது' இருக்கிறதே, அது முழங்கையால் நெஞ்சில் இடித்ததை விட வலித்தது. மறுநாள் பயிற்சி நடக்கும்போது, தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் முத்துமீனாவின் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

பாடப் புத்தகம் தவிர அவள் படித்த முதல் புத்தகம் அதுதான். மலையடியில் ஆடு மேயவிட்டு, பாறை நிழலில் உட்கார்ந்து படித்தாள். மலையூர் ஒன்றில் ஹாஸ்டலில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் இரண்டு பிள்ளைகளின் கதை. ஒருத்தி நெட்டை, கண்ணாடி போட்டவள், கவிதை எழுதுகிறவள். இன்னொருத்தி வாயாடி. வாயாடிக்குக் காய்ச்சல் வந்த அன்று நெட்டைச்சி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, நீ எனக்குத் தோழி மட்டும் இல்லை, உன்மேல் எனக்கு இருப்பது காதல் என்று சொல்கிறாள். வாயாடியும் நெட்டைச்சியின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொள்கிறாள்.

தாமரைச்செல்வி புத்தகத்தை மூடிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். ஆடுகளைத் தவிர யாரும் இல்லை. இதையெல்லாமா அச்சடித்து அட்டை போட்டுக் கடையில் விற்கிறார்கள்? தனக்கு மட்டும் வந்த கோளாறு என்று நினைத்து உள்ளேயே வைத்திருந்ததை, முன்பின் தெரியாத யாரோ பெயர் வைத்து எழுதியிருந்தார்கள். கொஞ்ச நேரம், உச்சி வெயிலில் நடந்தவளுக்கு மோர் கிடைத்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம்தான். புத்தகத்தைக் கொடுத்தது யார்? யாருக்குக் கொடுத்தாள்? நெட்டை யார், கண்ணாடி யார், வாயாடி யார்? கதையில் தன்னைத் தேடிப் பார்த்தாள். ஹாஸ்டலில் சமையல்கார அம்மா ஒருத்தி வந்தாள், தோட்டக்காரர் ஒருவர் வந்தார். ஆடு மேய்க்கிறவள் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இனி முடிவு தெரிந்தாக வேண்டும். இரண்டு பிள்ளைகளும் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறார்கள். ஒருத்தியின் அப்பா தேடிக்கொண்டு வருகிறார். அந்த இடத்தில், ஆடுகள் பக்கத்துத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டதாகக் கூப்பாடு கேட்டது. புத்தகத்தைப் பாறைமேல் கவிழ்த்துவிட்டு ஓடினாள். ஆடுகளைத் திருப்பிக்கொண்டு வந்து பார்த்தால், கறுப்புக் கிடா பாறையருகே நின்று நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. அட்டை கிடந்தது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கதை கிடந்தது. அதற்குப் பிறகு ஒரு தாள் இல்லை. கிடாவின் வாயைப் பிளந்து விரலை விட்டும் பார்த்தாள். ஈரமாக ஒரு துண்டு வந்தது. அதில் பக்க எண் மட்டும் இருந்தது.

முத்துமீனா புத்தகத்தைத் தேடாத இடமில்லை. பையை உதறினாள், பஸ் டெப்போவில் போய்க் கேட்டாள், வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கண் கலங்கி நின்றாள். தாமரைச்செல்வி கூடவே நின்று பார்த்தாள், வாய் திறக்கவில்லை. ஒரு புத்தகத்துக்கு இம்புட்டுக் கண்ணீர் என்றால் கொடுத்தவள் எம்புட்டு உசத்தியாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டி. கல்லுப்பட்டியில் போட்டி. ஃபைனல் வரைக்கும் வந்துவிட்டார்கள். ஆட்டம் சமம், கடைசி ரெய்டு. எதிரணியின் தடித்த ரெய்டர் ஒருத்தி இடது பக்கமாக இறங்கினாள். முத்துமீனாவின் கட்டைவிரல் ஒரு அமுக்கு அமுக்கியது தாமரைச்செல்விக்குத் தெரிந்தது. பொறு. அவளும் பொறுத்தாள். அந்த நேரம் பார்த்துப் பவதாரிணி முத்துமீனாவைத் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

அவ்வளவுதான். கனகாவின் கையை உதறிவிட்டு, தன் பக்கத்தை அம்போவென்று விட்டு, கட்டத்தின் குறுக்கே பாய்ந்துவிட்டாள். பிடி என்னமோ கணுக்காலில்தான் விழுந்தது. ஆனால் அதே நேரத்தில் முத்துமீனாவும் இடுப்புக்கு வந்தாள். தாமரைச்செல்வியின் முழங்கை அவள் வாயில் இடித்தது. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்த சந்தில், ரெய்டர் நீட்டி விழுந்து நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாள். அவளைத் தொட்டவர்கள் எல்லாரும் அவுட். ஃபைனல் போயிற்று. ஜெயபாண்டி அண்ணன் தாமரைச்செல்வியைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

முத்துமீனாவின் உதடு கிழிந்து ரத்தம் நிற்கவில்லை. மற்றவர்களை முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, இடித்தவளே கூட இருந்து கூட்டிக்கொண்டு வரட்டும் என்று அண்ணன் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டு சோடாக் கடையில் ஐஸ் வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தாள் தாமரைச்செல்வி. முத்துமீனா அதைப் பிடுங்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். வீங்கின வாயோடு கேட்டாள்.

"ஏன்டி வந்த? அது ஒன் பக்கமா?"

"எம் பக்கமில்லதான். ஒனக்கும் அவளுக்கும் உள்ள பக்கம்."

"எவளுக்கு?"

"அமுக்குனியே. ஒண்ணு, ரெண்டு. எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு நெனைச்சியா?"

முத்துமீனா ஐஸை உதட்டிலிருந்து எடுத்தாள்.

"வெளையாட்டுக்கு அமுக்காம மைக் வச்சா சொல்லுவாங்க? நான் அமுக்குனத மட்டும் பாத்த. எப்ப விட்டேன்னு பாத்தியா? விசில் ஊதுன ஒடனே அவ கைய விட்டுருவேன். ஒங் கைய என்னைக்காவது பஸ்ஸ விட்டு எறங்குறதுக்கு முன்னாடி விட்டுருக்கேனா? அதை எண்ண மாட்டியா நீ?"

தாமரைச்செல்வி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். இத்தனை நாள் எல்லாவற்றையும் உற்றுப் பார்த்தவள், தன் கைக்குள் இருந்ததைப் பார்க்கவே இல்லை. இருந்தாலும் பொறாமை அவ்வளவு லேசில் இறங்குமா?

"அப்ப அந்தப் புஸ்தகம்? அது காணாமப் போனதுக்கு எதுக்கு அம்புட்டு அழுக?"

முத்துமீனா தரையைப் பார்த்தாள். பவதாரிணி அதை ஏன் கொடுத்தாள் என்று தனக்குத் தெரியும் என்றாள். பக்கத்துக்குப் பக்கம் அவள் முகத்தைப் பார்ப்பேன் என்று நினைத்துக் கொடுத்தாள், எனக்கு வேற முகம்தான் தெரிந்தது என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பாதிதான் படிச்சேன். எங்க வீட்டுல இப்பவே மாப்ள பேச்சு ஆரம்பிச்சிருச்சு. அவளுக ரெண்டு பேரும் கடைசியில சேர்றாளுகளா, பிரிச்சு விட்டுருறாங்களா, அது மட்டும் தெரிஞ்சா போதும்னு இருந்துச்சு. தெரிஞ்சா ஒங்கிட்ட வாயத் தொறக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எவளோ திருடிட்டா."

"நான்தான்."

முத்துமீனா நிமிர்ந்தாள். திட்டவில்லை. அடுத்த கேள்விதான் முதலில் வந்தது.

"முடிச்சுட்டியா? கடைசியில என்னடி ஆச்சு?"

"தெரியல."

"படிச்சுட்டுத் தெரியலங்கிற?"

"ஆடு தின்னுருச்சு, மீனா."

முத்துமீனாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் உதடு மறுபடி கிழிந்து ரத்தம் வந்தது. ஐயோ சிரிக்காதே என்று தாமரைச்செல்வி கைக்குட்டையோடு பக்கத்தில் வர, அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தோடு சேர்த்து ஐஸையும் அழுத்திக்கொண்டாள். புத்தகத்தில் இருந்த அந்தச் சொல்லை இருவரும் சொல்லவில்லை. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் இருந்த ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத் தாமரைச்செல்வி தானே போனாள். தன் வீட்டு ஆடு தின்றதற்கு முத்துமீனா ஏன் பதில் சொல்ல வேண்டும்? ஆடு கடித்த இடத்தைப் பவதாரிணி தடவிப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள். விவரம் தெரிந்தவள், கேள்வி கேட்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டாள். தாமரைச்செல்விதான் போக மனமில்லாமல் நின்றாள்.

"கடைசியில அவங்க ரெண்டு பேரும் சேர்றாங்களா?"

"இல்ல" என்றாள் பவதாரிணி. "பிரிஞ்சிருவாங்க." கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத கண்ணாடியைத் துடை துடை என்று துடைத்தாள். "ஒங்க ஆட்டுக்கு நல்ல ரசனை. கடைசி அத்தியாயம் எனக்கும் புடிக்கல."

தாமரைச்செல்வி அந்த முகத்தைப் பார்த்தாள். இறுகின தாடை, எங்கேயோ பார்க்கிற கண். ஒரு மாதமாகத் தன் வீட்டுக் கண்ணாடியில் தினம் பார்த்த முகம்தான். அந்த முகம் எதைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் என்பது தாமரைச்செல்வியை விட யாருக்குத் தெரியும்? புத்தகத்தின் முடிவு பவதாரிணி சொன்னதற்கு நேர்மாறு என்று அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. பவதாரிணிமேல் பரிதாபம் வந்தது. கூடவே, முத்துமீனாவை நினைத்து இவளுக்கும் இம்புட்டு நோகிறதா என்று பழைய எரிச்சலும் வந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த போட்டியிலும் ஜெயபாண்டி அண்ணன் இடத்தை மாற்றவில்லை. தாமரைச்செல்வி கேட்கவும் இல்லை. கனகாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு வலது ஓரத்தில் நின்றாள். கடைசி ரெய்டு மறுபடி இடது பக்கம்தான் போனது. எதிரே கட்டைவிரல் ஒரு அமுக்கு அமுக்கியது. வயிற்றில் பச்சைமிளகாய் எரிந்தது. எரியட்டும் என்று நின்றாள். விரல் இரண்டு அமுக்கு அமுக்கியது. பவதாரிணி காலுக்குப் போனாள், முத்துமீனா இடுப்புக்குப் போனாள். ரெய்டர் இழுத்துக்கொண்டு திமிறிய பிறகுதான், முறையாகத் தன் நேரம் வந்த பிறகுதான், தாமரைச்செல்வி பாய்ந்து இன்னொரு கணுக்காலைக் கவ்வினாள். கோடு ரெய்டர் கைக்கு எட்டவில்லை. கோப்பை இவர்களுக்கு.

எல்லாரும் எல்லாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பவதாரிணியும் முத்துமீனாவைக் கட்டிப்பிடித்தாள். மற்றவர்கள் பிடித்ததை விட அது கொஞ்சம் கூடுதல் நேரம் என்று இன்றுவரைக்கும் தாமரைச்செல்வி சாதிக்கிறாள். அன்று பஸ்ஸில் முத்துமீனா கேட்டாளாம், "அதையுமாடி எண்ணுன?" என்று. எண்ணாமல் பின்னே என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். கையை மட்டும், செல்லூர் வருகிறவரைக்கும், விடவில்லை.